விரல் மூட்டில் நீர் கசியும் துளை: என்ன செய்வது, யாரிடம் போவது

விரல் மூட்டின் மேல் கடுகளவு ஒரு துளை. அதிலிருந்து பிசுபிசுவென்று ஏதோ கசிகிறது, இரண்டு நாளில் பொருக்குக் கட்டுகிறது, சரி ஆறிவிட்டது என்று பாத்திரம் தேய்க்கவோ துணி துவைக்கவோ கையை நனைத்தால் பொருக்கு ஊறி விழுந்து மறுபடியும் கசிகிறது. வலி பெரிதாக இருக்காது, அதுதான் இதில் இருக்கிற வில்லங்கமே. மருந்துக்கடையில் ஒரு களிம்பு, கொஞ்ச நாள் கழித்து வேறொரு களிம்பு, இடையில் யாரோ சொன்னார்கள் என்று ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக், இப்படியே மாதங்கள் ஓடிவிடும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது தோலில் வந்த புண் இல்லை. மூட்டுக்குள்ளிருந்து தோல் வரைக்கும் ஒரு பாதை விழுந்திருக்கிறது. மேலே என்ன தடவினாலும் அந்தப் பாதை அடைபடாது. எதனால் விழுந்தது என்று கண்டுபிடித்து அதைச் சரிசெய்தால்தான் துளை மூடும்.

மருத்துவர்கள் சீட்டில் ஃபிஸ்டுலா என்றோ சைனஸ் என்றோ எழுதுவார்கள், தமிழில் மூட்டுப் புரை என்று சொல்லலாம். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைப்பதற்கும் ஃபிஸ்டுலா என்றுதான் பெயர். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இணையத்தில் தேடும்போது குழம்பிக்கொள்ளாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

கட்டை விரலுக்கு இரண்டு, மற்ற விரல்களுக்கு மூன்று மூன்று என்று மூட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மூட்டையும் சுற்றி ஒரு உறை, அதன் உட்பக்கத்தில் ஒரு மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வு சுரக்கிற வழவழப்பான நீர்தான் மூட்டு உராயாமல் அசைய உதவுகிறது. விரல் மூட்டில் இருப்பதெல்லாம் சில துளிதான். எலும்பு முனைகளின் மேல் இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, அதனால் ஒருமுறை அரிக்கப்பட்டால் பழையபடி வளராது. மூட்டுக்குள் சீழ் பிடித்தால் அதை அரிக்க மாதக்கணக்கெல்லாம் வேண்டாம், சில நாட்களே போதும்.

விரலின் மேல்பக்கத்தைக் கிள்ளிப் பாருங்கள், குறிப்பாக நகத்துக்குக் கீழே இருக்கிற கடைசி மூட்டில். தோலுக்கும் மூட்டுக்கும் நடுவில் கொழுப்பும் இல்லை, சதையும் இல்லை. அதனால்தான் இந்தப் புரை பெரும்பாலும் மேல்பக்கத்தில் வருகிறது. நீர் வெளியே வர வழி இருந்தால் கிருமி உள்ளே போகவும் அதே வழிதான். இன்றைக்குத் தெளிந்த நீர் மட்டும் வருகிறது, வலியே இல்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

முதலில், என்ன வருகிறது என்று பாருங்கள்

சோப்புப் போட்டுக் கை கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி, வெளிச்சத்தில் உட்கார்ந்து விரலை மெதுவாக நாலைந்து தடவை மடக்கி நீட்டுங்கள். பிதுக்க வேண்டாம். மடக்கும்போது துளையின் வாயில் ஒரு துளி திரண்டு வந்தால் மூட்டோடு தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, தொட்டு இழுத்தால் நூலாக நீள்கிறதா? அது மூட்டு நீர். கலங்கலாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ, வாடையோடு வந்தால் சீழ். சுண்ணாம்புத் துகள் மாதிரி வெள்ளையாக, நறநறவென்று வந்தால் யூரிக் அமிலப் படிவு, அதாவது கவுட். பார்க்கச் சீழ் போலவே இருப்பதால் இதற்கு வீணாக ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்கள் நிறைய. வலியே இல்லாமல், தண்ணியாக, மாதக்கணக்கில் வடிந்துகொண்டிருந்தால் காசநோய் வகையறாவையும் நினைக்க வேண்டும். இதெல்லாம் ஒரு குறிப்புதான், கண்ணால் பார்த்து முடிவு கட்டிவிட முடியாது.

கசியும் நாளில் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் டாக்டரிடம் போகிற அன்றைக்குப் பார்த்து அது காய்ந்து கிடக்கும், அவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்பார். துளையையும் நகத்தையும் சேர்த்து ஒன்று, வடிந்ததைப் பஞ்சில் எடுத்து ஒன்று, அது போதும்.

காத்திருக்கவே கூடாத அறிகுறிகள்

விரல் முழுக்கச் சீராக வீங்கியிருப்பது, லேசாக மடங்கிய நிலையிலேயே நிற்பது, உள்ளங்கைப் பக்கமாக விரல் நெடுக அழுத்தினால் வலிப்பது, வேறொருவர் மெல்ல நிமிர்த்தினாலே உயிர் போகிற மாதிரி வலிப்பது. இந்த நான்கையும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சேர்த்து எழுதி வைத்தவர் ஆலன் கனாவெல் என்ற சிகாகோ அறுவை மருத்துவர். இன்றைக்கும் அவசரப் பிரிவில் இதைத்தான் பார்க்கிறார்கள், ஏனென்றால் விரலை மடக்கும் தசைநாணின் உறைக்குள் சீழ் பரவிவிட்டதற்கு அடையாளம் இது. இதோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், கையில் மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, இரவு தூங்கவிடாத விண்விண் என்ற தெறிப்பு, விரல் நுனி வெளிறுவது அல்லது மரத்துப்போவது இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும் அப்போதே, மருத்துவமனை. சர்க்கரை நோயாளியாக இருந்தால் இதில் பாதி இருந்தாலே கிளம்பிவிடுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குக் கையில் சீழ் பரவுகிற வேகம் வேறு, கையையே இழக்கிற அளவுக்குப் போன கதைகள் நம் ஊர்களில் உண்டு.

மோதிரம் போட்டிருந்தால் வீக்கம் ஏறுவதற்குள் கழற்றுங்கள். சோப்பு, எண்ணெய் போட்டும் வரவில்லை என்றால் ஒரு நீளமான நூலை எடுத்து, ஒரு முனையை மோதிரத்தின் அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் இழுத்துவிட்டு, மீதி நூலை மோதிரத்தை ஒட்டினாற்போல் ஆரம்பித்து நுனியை நோக்கி நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போய், அப்புறம் உள்ளே நுழைத்த முனையைப் பிடித்துச் சுற்றைப் பிரித்தால் மோதிரம் நூல் மேலேயே நகர்ந்து வந்துவிடும். துளை வழியில் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், வெட்டி எடுத்துவிடலாம். தங்கம் போனால் ஒட்டிக்கொள்ளலாம்.

எதனால் வந்தது? இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும்

மருத்துவர் கேட்பதற்கு முன்பே இந்தக் கேள்விகளை நீங்கள் உங்களையே கேட்டு வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

துளை கடைசி மூட்டில், நகத்துக்கும் மூட்டு மடிப்புக்கும் நடுவில் இருக்கிறதா? அதற்கு முன்னால் அங்கே கண்ணாடி மாதிரி பளபளப்பான ஒரு சின்ன கட்டி இருந்ததா? அதே விரலின் நகத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறதா? அப்படியென்றால் அது மியூகஸ் சிஸ்ட் என்கிற நீர்க்கட்டி உடைந்து வந்த புரையாக இருக்கலாம். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு அதிகம் வருகிறது. அடிப்படைக் காரணம் மூட்டுத் தேய்மானம். தேய்ந்த மூட்டின் ஓரத்தில் எலும்பு முள் மாதிரி வளர்ந்து, அது மூட்டுறையை உரசி உரசி, நீர் ஒரு காம்பு வழியாக வெளியே வந்து தோலுக்கடியில் தேங்குகிறது. நகம் உருவாகிற இடத்தை அந்தக் கட்டி அழுத்துவதால்தான் நகத்தில் பள்ளம். என் பெரியம்மாவுக்கு ஆள்காட்டி விரலில் இது வந்தபோது நகச்சுத்து என்று சொல்லி எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் சுற்றினார். நாலாம் நாள் ஊக்கை நெருப்பில் காட்டிக் குத்தினார், பளிங்கு மாதிரி ஜெல்லி வந்தது, கட்டி அமுங்கியது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இரண்டு வாரத்தில் கட்டி திரும்ப வந்தது, இந்தமுறை குத்தாமலேயே கசிந்தது. நகச்சுத்து நகத்தின் ஓரச் சதையில் வரும், சிவந்து தெறிக்கும். இது மூட்டுப் பக்கம் வரும், பெரும்பாலும் வலிக்காது. இந்த வித்தியாசம் ஒன்று தெரிந்திருந்தாலே ஊக்குக்கு வேலை இருந்திருக்காது.

அடுத்தது அடிதடி. வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். முஷ்டியை மடக்கி ஒருவர் வாயில் குத்தும்போது எதிராளியின் பல் விரல் முட்டியில் இறங்கும். வெளியே பார்த்தால் அரை சென்டிமீட்டர் கீறல். ஆனால் மடக்கிய நிலையில் மூட்டு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது, பல் நேராக மூட்டுக்குள்ளேயே போய்விடும். பிறகு கையை விரித்ததும், விரலை நீட்டுகிற தசைநாண் (நாம் பேச்சில் நரம்பு என்று சொல்வது) பின்னால் நகர்ந்து துளையை மூடிவிடும், வாயிலிருந்த கிருமிகள் உள்ளே மாட்டிக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து முட்டி வீங்கி, சீழ் வடிய ஆரம்பிக்கும்போது மருத்துவரிடம் போய் "கதவில் இடிச்சிக்கிட்டேன்" என்று சொன்னால் அவர் சாதாரண காயத்துக்கான மருந்தை எழுதுவார். மனித வாயில் இருக்கும் எய்க்கெனெல்லா என்ற கிருமி செஃபலெக்சின், கிளிண்டாமைசின் போன்ற வழக்கமான மருந்துகளுக்கு மசிவதில்லை. அதனால் உண்மையைச் சொல்லுங்கள். பல் காயம் என்று தெரிந்தால் கிளாவுலனேட் சேர்ந்த அமாக்சிசிலின் மாதிரி வேறு மருந்து தருவார்கள், தையல் போட்டு மூடாமல் திறந்தே வைப்பார்கள், ஆபரேஷன் தியேட்டரில் வைத்து மூட்டைக் கழுவுவார்கள். சின்னக் கீறலுக்கு இவ்வளவு தேவையா என்று தோன்றும். தேவை.

முள். சீமைக்கருவேல முள், ஈச்ச முள், தென்னை ஓலை ஈர்க்கு இவையெல்லாம் மூட்டுக்குள் குத்தி உடைந்து நுனி மட்டும் தங்கிவிடும். முதல் நாள் வலித்து அடங்கிவிடும், வாரங்கள் கழித்து மூட்டு வீங்கும், அப்புறம் ஒரு நாள் கசியும். அதற்குள் முள் குத்தியதே மறந்திருக்கும். எக்ஸ்ரேயில் முள்ளோ மரச்சிராயோ பொதுவாகத் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும். கண்ணாடித் துண்டு என்றால் எக்ஸ்ரேயிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் துண்டை எடுக்காமல் எத்தனை மாத்திரை சாப்பிட்டாலும் துளை மூடாது.

மீன். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், மீன் வெட்டுபவர்கள், வலை இழுப்பவர்கள், இறால் பண்ணையில் வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மைக்கோபாக்டீரியம் மெரினம் என்று காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று தண்ணீரில் வாழ்கிறது. செதில் கீறிய இடம் வழியாகப் புகுந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிதானமாக வேலை பார்க்கும். அதற்குச் சற்றுக் குளிர்ந்த சூழல்தான் பிடிக்கும், அதனால்தான் கைவிரலில் தங்குகிறது. ஆய்வகத்திலும் 30 டிகிரி அளவில் வைத்தால்தான் நன்றாக வளரும். வழக்கப்படி 37 டிகிரியில் வைத்துவிட்டு "கிருமி எதுவும் வளரவில்லை" என்று அறிக்கை வந்துவிடும். மீன் தொட்டி என்ற ஒரு வார்த்தையை நீங்கள் சொன்னால் அவர்கள் வேறு மாதிரி சோதிப்பார்கள்.

கவுட் இருக்கிறவர்களுக்கு ஏற்கெனவே கால் கட்டைவிரல் வலித்த கதை இருக்கும். ஆனால் பிரஷருக்கோ இதயத்துக்கோ நீர் மாத்திரை சாப்பிடும் வயதான பெண்களுக்கு அப்படி எந்த முன்கதையும் இல்லாமலே தேய்ந்த விரல் மூட்டுகளில் யூரிக் அமிலம் படியலாம். எலும்பு முறிவுக்குக் கம்பி போட்டு எடுத்த இடத்தில் கசிந்தால் கம்பிப் பாதையில் தொற்று. முடக்குவாதம் இருப்பவர்கள், அதற்கான மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், மருந்துப் பட்டியலைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, விரலில் உணர்ச்சி குறைவு. தொழுநோயாலோ நீண்டகாலச் சர்க்கரையாலோ சூடும் குத்தலும் தெரியாமல் போனவர்கள் அடுப்பில் சுட்டுக்கொண்டதையே பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1940களின் பிற்பகுதியிலிருந்து தொழுநோயாளிகளின் கைகளோடு வேலை செய்து புரிய வைத்தது இதைத்தான்: நோய் விரலைத் தின்பதில்லை, வலி தெரியாததால் காயமும் தொற்றும் தின்கின்றன. இவர்கள் தினமும் இரவில் கையைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும்.

டாக்டரைப் பார்க்கும் வரை வீட்டில்

ஓடுகிற குழாய்த் தண்ணீரிலோ கொதித்து ஆறிய நீரிலோ கழுவி, ஒற்றி எடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்டெரைல் காஸ் துணி வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். நனைந்தால் மாற்றுங்கள். பிளாஸ்திரியை விரலைச் சுற்றி இறுக்கி ஒட்டாதீர்கள். காற்றுப் புகாமல் நாள் முழுக்க மூடி வைத்தால் உள்ளே ஊறி வெளுத்து தோல் இன்னும் மெலியும். கையைத் தொங்க விடாமல் நெஞ்சு உயரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், படுக்கும்போது தலையணை மேல். சமையல் யாராவது செய்து தரட்டும். வழியே இல்லை என்றால் கட்டின் மேல் கையுறை, வேலை முடிந்ததும் கையுறையையும் கட்டையும் சேர்த்தே மாற்றுங்கள், உள்ளே வியர்த்திருக்கும்.

மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மூக்குப்பொடி, வேப்பெண்ணெய், பட்டறைக்காரர்கள் வைக்கும் கிரீஸ், எதுவும் வேண்டாம். மஞ்சள் நல்லதா கெட்டதா என்று சண்டைக்கு நான் வரவில்லை. திறந்திருக்கிற மூட்டுக்குள் சமையலறைத் தூள் போகக் கூடாது, அவ்வளவுதான் என் வாதம். டெட்டாலை நீர் கலக்காமல் ஊற்றுவது, ஹைட்ரஜன் பெராக்சைடை நுரைக்க நுரைக்க ஊற்றுவது இரண்டும் ஆறிவரும் திசுவைச் சுடும். ஊக்கு, ஊசி, நகவெட்டி இவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை எடுத்துப் போட்டுக்கொள்வதால் இன்னொரு சிக்கல்: அரைகுறையாக மருந்து போன பிறகு சோதனைக்கு எடுத்தால் கிருமி வளராது, எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் போய்விடும். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் அட்டையை எடுத்துப் போய்க் காட்டுங்கள், ஒளிக்க வேண்டாம். காயம் புதிது, அழுக்கானது, கடைசியாக டிடி ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால் அதையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

யாரிடம் போவது

கைக்கென்றே பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர் இருந்தால் அவர்தான் முதல் தேர்வு. இல்லையென்றால் எலும்பு மூட்டு மருத்துவர் அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி. பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் சினிமாக்காரர்கள் ஞாபகம் வேண்டாம், நம் ஊரில் கை அறுவை நிறைய அவர்கள்தான் செய்கிறார்கள், துளையை மூடத் தோல் நகர்த்தி வைப்பது அவர்கள் வேலைதான். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. மற்ற மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் வழி காட்டிவிடுவார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அதை எடுத்துப்போய், உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அதில் வருமா என்று காப்பீட்டு உதவி மேசையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தோல் மருத்துவரிடம் போவது தப்பில்லை, நீர்க்கட்டியை அவர்களே முதலில் கண்டுபிடிப்பது உண்டு. ஆனால் மூட்டைக் கழுவ வேண்டும், எலும்பு முள்ளை எடுக்க வேண்டும் என்றால் கடைசியில் அறுவை மருத்துவரிடம்தான் வர வேண்டியிருக்கும்.

என்னென்ன சோதனை

எக்ஸ்ரே கட்டாயம், அந்த விரலுக்கு மட்டும் நேராகவும் பக்கவாட்டிலும். தேய்மானம், எலும்பு முள், எலும்பு அரிப்பு, உள்ளே உடைந்து தங்கிய பல் துண்டு இதில் தெரியும். ரத்தத்தில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, தேவையென்றால் யூரிக் அமிலம். ஈஎஸ்ஆர் சரியாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் நிம்மதியாகிவிடாதீர்கள், ஒரு சின்ன விரல் மூட்டுத் தொற்றில் அது பெரிதாக ஏறாமலும் இருக்கலாம்.

முக்கியமானது கல்ச்சர், அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது. துளையின் வாயில் பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்தால் தோலில் இருக்கும் கிருமிதான் வரும். மூட்டு நீரையோ ஆழத்தில் இருந்து எடுத்த திசுவையோ அனுப்பினால்தான் அர்த்தம். நாள்பட்டதாக இருந்தால் சாதாரணக் கல்ச்சரோடு காசநோய், பூஞ்சை சோதனைகளுக்கும் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இதைக் கேட்பது மருத்துவருக்குப் பாடம் எடுப்பது இல்லை, ஒருமுறை கிழித்து எடுத்ததை இரண்டாம் முறை கிழிக்காமல் இருக்கத்தான். காசநோய்க்கான ஜீன் எக்ஸ்பர்ட் முடிவு சில மணி நேரத்தில் வந்துவிடும், கல்ச்சர் முடிவு வரப் பல வாரம் ஆகும். எலும்புக்குள் பரவியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் எம்ஆர்ஐ கேட்பார்கள். வருடக்கணக்கில் ஆறாத துளை என்றால் ஓரச் சதையில் பயாப்ஸி எடுப்பார்கள். நீண்டகாலம் ஆறாத புரையில் அபூர்வமாகத் தோல் புற்று வருவதுண்டு, அதை விலக்கத்தான். பயாப்ஸி என்ற வார்த்தையைக் கேட்டதும் பதறிவிட வேண்டாம்.

சிகிச்சை எப்படிப் போகும்

காரணத்தைப் பொறுத்தது. நீர்க்கட்டிப் புரை, தொற்று இல்லை என்றால் அவசரமில்லை, ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். விரலை மட்டும் மரக்கச் செய்து, கட்டி, அதன் காம்பு, மெலிந்த தோல், உள்ளே இருக்கும் எலும்பு முள் எல்லாவற்றையும் எடுப்பார்கள். எலும்பு முள்ளை எடுப்பீர்களா என்று கேளுங்கள், அதை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். ஊசியால் நீரை உறிஞ்சுவது சுலபம்தான், ஆனால் அதிலும் திரும்ப வருவது நிறைய. தோல் பற்றாமல் போனால் பக்கத்துத் தோலைத் திருப்பி வைத்து மூடுவார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். துளை திறந்து கசிந்துகொண்டிருக்கும்போது வலிக்காக மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால், தொற்று இல்லை என்று உறுதி செய்துவிட்டீர்களா என்று கேட்காமல் கையை நீட்டாதீர்கள்.

சீழ் பிடித்த மூட்டு வேறு கதை. அதைத் திறந்து கழுவ வேண்டும், செத்த திசுவையும் புரைப் பாதையையும் சேர்த்து எடுக்க வேண்டும், சிலருக்கு ஒருமுறை போதாமல் மறுபடியும் தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கும். ஆன்டிபயாட்டிக் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம், எலும்பைத் தொட்டிருந்தால் ஆறு வாரம் அளவுக்கு. முதல் வாரத்திலேயே வலி போய்விடும், அதோடு மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் திரும்ப வருகிறார்கள். காசநோய் என்றால் ஒரு வருடம் அல்லது அதற்கு மேலும் மருந்து. அரசு மருத்துவமனையில் இலவசம். மீன் கிருமிக்கும் மாதக்கணக்கில். கவுட்டுக்கு ரத்தத்தில் யூரிக் அமிலத்தை டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே, படிவு இருப்பவர்களுக்கு 5க்குக் கீழேயே, வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

மூட்டு முழுக்க அரித்துப் போயிருந்தால் இரண்டு எலும்பையும் சேர்த்து அசையாமல் இணைத்துவிடுவது ஒரு வழி. கேட்கவே பயமாக இருக்கும். கடைசி மூட்டில் இதைச் செய்தால் விரல் நுனி மட்டும் மடங்காது, வலி போய்விடும், பேனா பிடிக்கலாம், சோறு பிசையலாம், பெரும்பாலான வேலை நடக்கும். நடு மூட்டில் செய்தால்தான் பிடிப்பு நன்றாகவே குறையும், அதனால் அங்கே எவ்வளவு காப்பாற்ற முடியுமோ பார்ப்பார்கள்.

முடிந்த பிறகு

கை விறைத்துப் போவதுதான் இதற்குப் பிறகு வரும் பெரிய தொந்தரவு. ஸ்ப்லின்ட் (கையை அசையாமல் தாங்கும் கட்டு) போட்டால் மணிக்கட்டு கொஞ்சம் பின்னால் சாய்ந்து, விரல் முட்டி மூட்டுகள் மடங்கி, விரல்கள் நேராக இருக்கிற மாதிரி வைப்பார்கள். பார்க்க விசித்திரமாக இருக்கும், கழற்றிவிடத் தோன்றும், ஆனால் விறைப்பு விழாமல் இருக்க அந்த நிலைதான் சரி. கட்டுப் போட்ட விரலைத் தவிர மற்ற விரல்கள், முழங்கை, தோள் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே அசையுங்கள். மருத்துவர் அனுமதித்ததும் கடைசி மூட்டுக்கான பயிற்சி: மற்ற கையால் நடு எலும்பை இரண்டு பக்கமும் பிடித்து அசையாமல் நிறுத்திக்கொண்டு நுனியை மட்டும் மடக்கி, ஐந்து எண்ணி, நீட்டுங்கள். ஒரு வேளைக்குப் பத்து தடவை, நாளைக்கு நாலைந்து வேளை. லேசாக இழுக்க வேண்டும், கண்ணில் நீர் வர வேண்டாம். பிசியோதெரபிக்குப் போக நேரமில்லை என்பவர்கள் டிவி பார்க்கிற நேரத்தில் இதைச் செய்தால்கூடப் போதும்.

பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் ஆறும் வரைக்காவது நிறுத்துங்கள், விரல் நுனிக்கு ரத்தம் குறைவதால் நகர்த்தி வைத்த தோல் கறுத்துப்போகும் அபாயம் இருக்கிறது. தையல் பிரித்து, தோல் முழுக்க மூடிய பிறகு தழும்பின் மேல் தேங்காய் எண்ணெய் தொட்டு வட்டமாகத் தேய்த்துவிடலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

நீர்க்கட்டியால் வந்த நகப் பள்ளத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் உடனே இல்லை. கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும், பழைய நகம் முழுக்கத் தள்ளப்பட்டுப் புதிது வர ஆறு மாதம் ஆகும். கல்யாணம் காட்சி என்று அவசரமாக இருந்தால் புண் முழுக்க ஆறிய பிறகு மருதாணி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளம் அவ்வளவாகத் தெரியாது.